ஷூ கம்பெனியில் வேலை செய்த அண்ணன் இறந்துவிட்டார். பி.எஃப். பணம் தவிர அண்ணிக்கு வேறு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். அண்ணன் வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் நிச்சயம் கிடைக்கும். கம்பெனியில் நீட்டும் தாள் எதற்கானது என்று கேட்காமல் அண்ணி கையெழுத்துப் போட வேண்டாம்.

என் அக்கா வீட்டுக்காரர் குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் ஆம்பூர் போய் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து கம்பெனிக்குப் போனோம். பி.எஃப். பணத்துக்கான 20-ஆம் எண் படிவத்தை மட்டும் கொடுத்து, "இவ்வளவுதான்மா" என்றார்கள். அக்காவும் நம்பிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வேலூர் பி.எஃப். ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே போனபிறகுதான் தெரிந்தது, இன்னும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் ஆயுள் காப்பீடான இ.டி.எல்.ஐ. இதற்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே சம்பள ரசீதில் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இன்னொன்று மனைவிக்கான மாதப் பென்ஷன். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். தொகை பெரிதில்லை, குறைந்தபட்சம் 1,000 ரூபாய்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயதுவரை தனியாக ஒரு பங்கு வரும். மறைந்தவர்களுக்கான கூட்டுப் படிவம் ஒன்று இருக்கிறது, மூன்றையும் அதிலேயே கேட்கலாம்.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் ஈமச் செலவுக்கு 15,000 வரை உண்டு, மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். வேலையிடத்து விபத்து என்றால் குடும்பத்துக்கு மாதாமாதமும் வரும்.

எங்களை ரொம்ப அலைய வைத்தது ஒரு இனிஷியல். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இல்லை. இதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போனது. சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம் பேங்க் பாஸ்புக். மாமாவுடையதை எண்ட்ரி போட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தோம். மே மாதக் கடைசியில் மங்கலாக ஒரு வரி: 436 ரூபாய் பற்று. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்போதோ சேர்ந்திருக்கிறார், அக்காவிடம் சொல்லவே இல்லை. எப்படி இறந்தாலும் 2 லட்சம். அந்த வரியைப் பார்த்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் மட்டும்தான் கிடைக்கும்.

சரி, அண்ணனின் பாஸ்புக்கை நாளைக்கே எடுத்துப்போய் எண்ட்ரி போடுங்கள். மே கடைசி வாரத்து வரிகளை முதலில் பாருங்கள்.