ஒன்றரை ஷிப்டுக்கு என்ன கணக்கு? திருப்பூர் வாசகர் கேள்வி-பதில்

நான் எந்த முதலாளிகள் சங்கத்திலும் இல்லை. 2021-ல் போட்ட பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தியதா? (ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் யூனிட், அனுப்பர்பாளையம்)

அது கையெழுத்துப் போட்ட சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நடுவில் ஆன பேச்சு. 4 ஆண்டுகளில் 32 சதவீத உயர்வு என்று பேசி முடித்தார்கள்; அந்த 4 ஆண்டும் 2025-ல் முடிந்துவிட்டது. நீங்கள் அதில் சேர்ந்தவர் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியும் விலைவாசிக்கேற்ப ஏப்ரலில் ஏறும் பஞ்சப்படியும் சங்க உறுப்பினரா என்று கேட்காது. கட்டிங் மாஸ்டர் முதல் கைமடி (துணி மடிப்பவர்) வரை அது பொருந்தும். அப்புறம், பக்கத்து கம்பெனி கூட்டிக்கொடுத்தால் உங்கள் டெய்லர் அங்கே போய்விடுவார், அது தனி!

வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட். அரை ஷிப்டுக்குப் பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள். சரியா? (தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் தொழிலாளி)

சரியில்லை. 8 மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 60. ஆறு நாளும் 8 மணி நேரம் பார்த்தாலே வாரத்துக்குச் சட்டம் சொல்லும் 48 மணி நேரம் நிறைந்துவிடும். மூன்று அரை ஷிப்டின் 12 மணி நேரமும் ஓவர்டைம். ஊர் வழக்கப்படி அதற்கு 720 ரூபாய் வரும். சட்டப்படி இரட்டிப்பு, 1,440. 'ஷிப்மென்ட் அவசரம், ஊரே இப்படித்தான்' என்பது முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அவசரம் நிஜம்தான், ஆனால் அதன் செலவை ஏன் டெய்லரும் செக்கரும் சுமக்க வேண்டும்? ஓவர்டைமுக்கே உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

12 மணி நேர வேலைச் சட்டம் என்ன ஆனது?

2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள்; மே தினத்தன்று முதல்வர் வாபஸ் அறிவித்தார். மசோதா கொண்டுவந்தபோது அரசுத் தரப்பில், வாரத்துக்கு 48 மணி நேரம் அப்படியே இருக்கும், நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம் என்றார்கள். பீஸ் ரேட்டில் (உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று) ஓடும் ஊரில் யார் மூன்று நாள் சும்மா இருக்கப்போகிறார்கள்? நெகிழ்வான நேரம் வேண்டும் என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். ஓவர்டைம் கூலியை அதற்குள் கரைக்கப் பார்ப்பதைத்தான் ஏற்க முடியாது.

என் யூனிட்டில் 12 பேர் வேலை பார்க்கிறார்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டுமா?

10 பேர் ஆனாலே இஎஸ்ஐ. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 390, தொழிலாளி பங்கு 90. பிஎஃப் 20 பேரிலிருந்து.