பெரைரா என்றால் போர்த்துக்கீசிய வம்சமா?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிப் பரதவர் குடும்பம். எங்கள் குடும்பப் பெயர் பெரைரா. எங்கள் முன்னோர் போர்த்துக்கீசியரா? இணையத்தில் 'பெரைரா குடும்பச் சின்னம்' என்று ஒன்றை விற்கிறார்கள், வாங்கலாமா? பூர்வீகத்தை எங்கிருந்து தேடுவது?

பதில்: முதலில் சின்னத்தை விட்டுவிடுங்கள். சிவப்புப் பின்னணியில் வெள்ளிச் சிலுவை பொறித்த அந்தச் சின்னம் போர்ச்சுகலின் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு உரியது. பெரைரா என்று பெயர் வைத்த எல்லோருக்கும் அதில் உரிமை கிடையாது. 1385-இல் அல்ஜுபரோட்டா போரில் காஸ்டில் (இன்றைய ஸ்பெயினில் இருந்த அரசு) படையை வென்ற தளபதி நூனோ ஆல்வரெஸ் பெரைரா அந்த வம்சத்தவர். 2009-இல் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது.

ஆனால் 'பெரைரா' என்பது பேரி மரத்தைக் குறிக்கும் சொல். வட போர்ச்சுகலிலும் அதை ஒட்டிய ஸ்பெயினின் கலீசியாவிலும் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. ஊர்ப் பெயரே ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டதால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்கள் பெரைரா ஆயின. மரப்பெயர் என்றாலே யூத வம்சம் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. 1497-இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களில் சிலர் இந்தப் பெயரை எடுத்தது உண்மைதான். செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த, 18-ஆம் நூற்றாண்டின் ஜேக்கப் ரொட்ரிகஸ் பெரைரா யூதரே. ஆனால் அதற்கு முன்பே கிறிஸ்தவர்களிடம் புழங்கிய பெயர் இது. பெயரை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

கடல் தாண்டிய பிறகு பெயருக்கும் ரத்தத்துக்குமான தொடர்பு இன்னும் தளர்ந்தது. பிரேசிலில் அடிமைகள் பலருக்கு எஜமானரின் பெயரே வந்தது. கோவாவிலும் இலங்கையிலும் உங்கள் தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையிலும் ஞானஸ்நானத்தின்போது போர்த்துக்கீசியப் பெயர் சூட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது ஞானத்தந்தையின் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) பெயராகவோ குருவின் பெயராகவோ இருக்கும். இலங்கையில் இத்தனை பெரேராக்கள் இருப்பது இப்படித்தான். பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றது 1530-களில். ஆகவே உங்கள் பெயர் பெரும்பாலும் அந்த ஞானஸ்நானத்தின் தடயம். முன்னோர் இந்தக் கரையின் மக்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கலப்பு மணம் எங்கேனும் நடந்திருக்கலாம், ஆனால் அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. முத்துக்குளித்த குடும்பத்தின் வரலாறு ஒரு பிரபுவின் கேடயத்தைவிட எனக்குப் பெரிது.

சரி, தேடுவது எப்படி? லிஸ்பன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதில் இப்போதைக்குப் பயனில்லை. உங்கள் பங்குக் கோயிலில் தொடங்குங்கள். தாத்தாவின் திருமணப் பதிவைக் கேளுங்கள். அதில் அவருடைய பெற்றோர் பெயர் இருந்தால், அதை வைத்து அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் போகலாம். இப்படி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் நகருங்கள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் சாட்சிகளையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், உறவுமுறை பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். பெரைரா, பெரேரா, பெரெய்ரா என்று எழுத்து மாறியிருந்தால் வேறு குடும்பம் என்று தள்ளிவிடாதீர்கள். அப்புறம், வீட்டில் வயதானவர்களிடம் பட்டப்பெயரை விசாரியுங்கள். ஒரே ஊரில் நாலு பெரைரா குடும்பங்கள் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

இந்தப் பெயரைக் காட்டிப் போர்த்துக்கீசியக் குடியுரிமை வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போர்த்துக்கீசிய ஆட்சி முடிந்த 1961 டிசம்பருக்கு முன் கோவா, டாமன், டையூவில் பிறந்தவர்களின் வாரிசுகளுக்கு ஒரு வழி உண்டு. அங்கேயும் பார்ப்பது பிறப்புப் பதிவைத்தான், குடும்பப் பெயரை அல்ல.