பட்டறை பதில்கள்: அடித்து இறக்கும் குழாய்க்கு எதைப் பூசுவது?

கேள்வி: ஐயா, என் காரில் வாட்டர் பம்பை மாற்றும்போது, அதன் அருகே எஞ்சினின் அலுமினிய பிளாக்கில் அடித்துச் செருகியிருந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. 20 மி.மீ. இரும்புக் குழாய். மரை இல்லை, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமும் இல்லை. புதுக் குழாய் வாங்கிவிட்டேன். ஒரு மெக்கானிக் சிலிக்கோன் பசையை அப்பி அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் எதையும் பூசக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரையும் நான் குறை சொல்ல முடியாது. இரண்டையுமே செய்து பட்டவன் நான்.

சிலிக்கோன் கதையை முதலில் சொல்கிறேன். குழாயில் பூசினால், இறங்கும்போது துளையின் விளிம்பு கத்தி போல அதை வழித்துவிடும். துளையில் பூசினால், குழாயின் முனை அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். நான் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசினேன். வெளியே அழகான வளையமாகப் பிதுங்கி நின்றதைப் பார்த்துப் பெருமையும் பட்டேன். சில மாதங்கள் கழித்து, ஹீட்டர் சூடாகவில்லை என்று அதே வண்டி வந்தது. கூலன்ட் ஓடிக் காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரைக் கழற்றினால் அதன் வாயில் நகத்தளவு ரப்பர்த் துணுக்குகள். யார் வேலை என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

பூசாமல் அடிப்பது புது பிளாக்கில், புதுத் துளையில் சரிவரலாம். உங்களுடையது துரு தின்ற துளை. அதோடு ஒரு கணக்கும் இருக்கிறது. 80 டிகிரி சூடு ஏறினால் 20 மி.மீ. அலுமினியத் துளை ஏறக்குறைய 0.037 மி.மீ. விரியும், இரும்புக் குழாய் 0.019 மி.மீ.தான் விரியும். குளிரில் இருந்த இறுக்கத்தில் 0.018 மி.மீ. சூட்டில் போய்விடுகிறது. குழாய் கழன்று விழாது. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் பெரும்பாலும் ஒரு பார் அளவுதான்; அது இந்தக் குழாயைத் தள்ளும் பலம் மூன்று கிலோ சொச்சம். ஆனால் கூலன்ட்டுக்குக் குழாய் கழல வேண்டியதில்லை, ஒரு கீறல் போதும்.

வேண்டியது ரிட்டெய்னிங் காம்பவுண்ட். பேரிங்கையும் புஷ்ஷையும் நிலையாகப் பிடித்துவைக்கப் பயன்படும் திரவம் அது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்றில்லாமல் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிக்கியதும் கெட்டியாகும். வழிந்தது கெட்டியாகாமல் கூலன்ட்டோடு கரைந்து போகும், அடைக்காது. சூடான இடத்துக்கு நான் எடுப்பது லாக்டைட் 620. 230 டிகிரி வரை தாங்கும்.

வெற்றி தோல்வி துளையைச் சுத்தம் செய்வதில்தான். முதலில் உள்ளே துணியை அடைத்துவிடுங்கள், தூள் விழக் கூடாது. நைசான உப்புத்தாளால் துளையின் உட்சுவரை வட்டமாகத் தேயுங்கள். உள்ளும் வெளியுமாக இழுக்கவே கூடாது. வட்டக் கீறலில் கூலன்ட் சுற்றிக்கொண்டிருக்கும், நீளக் கீறல் அதற்கு வாய்க்கால். கறை போனால் நிறுத்துங்கள்; பளபளக்க வைக்கிறேன் என்று துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். பிறகு இரண்டையும் அசிட்டோனில் துடைத்து உலரவிட்டு, துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். (ஒருமுறை மறந்திருக்கிறேன். அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.)

பழைய குழாய் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று பார்த்து, புதியதில் பேனாவால் கோடு போடுங்கள். உள்ளே செல்லும் பகுதியில் சுற்றிலும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். குழாயின் துளைக்குள் சரியாகப் பொருந்தும் போல்ட் ஒன்றைச் செருகி, அதன் தலையில் தட்டுங்கள். நேராகக் குழாயில் அடித்தால் வாய் நசுங்கி ஹோஸ் உட்காராது. தொடங்கினால் கோடுவரை நிற்காமல் இறக்க வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கையால் தள்ளியே உள்ளே போகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது; அதற்கு மருந்து இந்தப் பாட்டிலில் இல்லை, மரை வெட்டிய குழாய்தான்.

பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயானால் இன்னும் மெதுவாகத்தான் பிடிக்கும். சீக்கிரம் கெட்டியாக்கும் ஆக்டிவேட்டரை முதலில் தெளித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் ஊற்றியதும் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை (கையால் அழுத்தம் ஏற்றும் பம்பு) மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிப் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கிய பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏன் என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறேன். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் குழாய்க்கும் இதையே பூசலாமா? வாங்கிய பாட்டில் பாதிதான் நிரம்பியிருந்தது, ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பிளாஸ்டிக்கில் பூசாதீர்கள், விரிசல் விடும். அதற்கு ஓ-ரிங் இருக்கும். அதில் கொஞ்சம் கூலன்ட்டைத் தடவிச் செருகினால் போதும். பாட்டில் விஷயத்தில் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். காற்று இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும் என்பதற்காகத்தான் அந்தக் காலியிடம். மிச்சத்தைச் சின்னப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி வைக்காதீர்கள். இரும்பைத் தொட்ட சொட்டைத் திரும்ப உள்ளே ஊற்றவும் கூடாது.