வரிசை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

அகதிகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். மனம் கனத்துப் போனது உண்மை. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தம்பி வெளிநாட்டு வேலைக்காக இரண்டு வருடம் காத்திருந்தான். கேட்ட தாளையெல்லாம் கொடுத்து, வரிசையில் நின்று, முறைப்படி விசா வாங்கிப் போனான். இவர்கள் மட்டும் ஏன் முகவர்களுக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்துப் படகில் திருட்டுத்தனமாகப் போக வேண்டும்? உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்து நாட்டிலேயே இருக்கலாமே? பலர் கையில் நல்ல போன் இருக்கிறது, பாஸ்போர்ட் மட்டும் இருப்பதில்லை. விசாரணையில் ஒரு தரம் சொன்னதை மறு தரம் மாற்றிச் சொல்கிறார்கள் என்றும் படிக்கிறேன். இரக்கமில்லாமல் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பலர் மனதில் இதே கேள்வி இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள்.

‘வரிசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி நின்ற வரிசை வேலைக்குப் போகிறவர்களுக்கானது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறவர்கள் நிற்பதற்கு அப்படி ஒரு வரிசை கிட்டத்தட்ட எங்குமே இல்லை. எனக்கும் இது புரியப் பல வருடங்கள் ஆயின.

ஒருவர் ஒரு நாட்டில் தஞ்சம் கேட்க வேண்டுமென்றால், பொதுவாக அந்த நாட்டின் மண்ணில், குறைந்தபட்சம் அதன் எல்லையில், நின்றுதான் கேட்க முடியும். தன் ஊரில் இருந்தபடியே தூதரகத்துக்குப் போய், ‘எனக்குப் புகலிட விசா கொடுங்கள்’ என்று கேட்க வழியில்லை. பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு விசாவே கிடையாது. சரி, சுற்றுலா விசா கேட்கலாம் என்றால், வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, திரும்பி வருவதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். ‘திரும்பி வருவேன்’ என்று நிரூபிக்க முடியாத நிலைமைதானே அவரை ஓட வைக்கிறது? பாஸ்போர்ட்டும் அப்படித்தான். யாருக்குப் பயந்து ஓடுகிறாரோ, அந்த அரசாங்கத்தின் அலுவலகத்தில்தான் போய் வரிசையில் நின்று அதை வாங்க வேண்டும்.

விமான டிக்கெட்டை மட்டுமாவது வாங்கிவிடலாமே என்று தோன்றும். விசா இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் ஒருவர் விமானம் ஏறித் தப்ப முடியுமா இல்லையா என்ற முடிவை எந்த நீதிபதியும் எடுப்பதில்லை, பெட்டியை எடை போடும் கவுண்டரில் நிற்கும் ஊழியர் எடுக்கிறார். அவருக்கு அதில் பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை. இந்த ஏற்பாட்டில் நம் மொழி பேசும் மக்களின் கதையும் இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பிரிட்டனுக்குத் தப்பி வரத் தொடங்கியதும், 1985இல் அந்த நாடு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்களுக்கு பிரிட்டன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987இல் சட்டம் போட்டு, உரிய தாள் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் ஏற்றி வந்த நிறுவனம் 1,000 பவுண்டு கட்ட வேண்டும் என்றார்கள். முறையான கதவு எப்போது மிக அவசியமாகத் தேவைப்பட்டதோ, அப்போதுதான் அது சாத்தப்பட்டது.

1951இல் அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நின்று காரணம் சொல்கிறவரை, அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 31வது பிரிவு சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. ஓடுகிறவன் தாளோடு ஓடமாட்டான் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அடுத்து, படகு. துருக்கிக் கரைக்கும் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக்கும் நடுவே கடல் குறுகிய இடத்தில் சுமார் 10 கிலோமீட்டர்தான். துருக்கியின் அய்வாலிக் துறைமுகத்திலிருந்து அந்தத் தீவுக்குப் பயணிகள் கப்பலே இருக்கிறது. சில பத்து யூரோவுக்கு டிக்கெட். வெயிலில் மேல்தளத்தில் உட்கார்ந்து போய்ச் சேரலாம். 2015இல் அதே கடலைத் தாண்ட ஆட்கடத்துகிறவர்கள் தலைக்கு ஆயிரம் யூரோ அளவில் வாங்கினார்கள். கொடுத்தது ரப்பர் படகு, இருட்டில் பயணம், நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து. கடத்துகிறவன் கூட வருவதில்லை. ஏறியவர்களில் யாரோ ஒருவரிடம், அதற்கு முன் கடலையே பார்த்திராதவரிடம்கூட, மோட்டாரின் கைப்பிடியைக் கொடுத்து, எதிரே தெரியும் விளக்கைப் பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்பிவிடுவான். பல மடங்கு அதிகப் பணம் கொடுத்து மோசமான பயணத்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. நல்ல கப்பலில் ஏற அவர்களை விடவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் லெஸ்போஸுக்கு மட்டும் ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட உயிர்காப்பு அங்கிகளைத் தீவின் வடக்கே மலைப்பக்கம் ஒரு குப்பை மேட்டில் கொட்டினார்கள். அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சு நிறம் மலை மலையாகக் கிடக்கிறது. நடுநடுவே குழந்தைகளுக்கான சின்ன அங்கிகள், நீச்சல் குளத்தில் விளையாடக் கட்டிவிடுவதைப் போல. பல அங்கிகளுக்குள் மிதக்கும் பொருளே இல்லை. பொட்டலம் கட்டப் பயன்படும் பஞ்சு நுரையை அடைத்துத் தைத்திருந்தார்கள். தண்ணீரில் விழுந்தால் அது நீரை உறிஞ்சிக் கனத்து, போட்டிருப்பவரையே கீழே இழுக்கும். 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மிர் நகரில் போலீஸ் ஒரு பட்டறையைச் சோதனை போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட போலி அங்கிகளைப் பிடித்தது. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்களில் சிரியாவிலிருந்து ஓடிவந்த இளம் பெண்களும் இருந்தார்கள். ஓடிவந்தவர்களே, கூலிக்காக, ஓடப்போகிறவர்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கி அது. இந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை எதுவும் பார்க்க முடியவில்லை.

வரிசையில் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய எல்லாருமே ஹிட்லரிடமிருந்து தப்பியோடும் யூதர்கள். டிக்கெட் வாங்கியவர்கள், கியூபாவில் இறங்க அனுமதித் தாளும் வைத்திருந்தவர்கள். பலர் அமெரிக்க விசாவுக்கு முறைப்படி விண்ணப்பித்து, தங்கள் முறை வரும்வரை கியூபாவில் தங்கியிருக்கலாம் என்று கிளம்பியவர்கள். கப்பல் புறப்படும் முன்பே கியூபா அந்த அனுமதித் தாள்களைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஹவானாவில் சுமார் முப்பது பேரைத்தான் இறங்கவிட்டார்கள். கப்பல் ஃபுளோரிடா கரையோரம் போனது. மயாமியின் விளக்குகள் தெரியும் தூரம். பயணிகள் அமெரிக்க அதிபருக்குத் தந்தி அடித்தார்கள். அரசுத் துறையிலிருந்து வந்த பதிலின் சாரம்: காத்திருப்போர் பட்டியலில் உங்கள் முறை வரட்டும், விசா வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அடுத்த வருடமே அவற்றில் மூன்று நாடுகளை ஜெர்மனி பிடித்தது. அந்தப் பயணிகளில் 254 பேர் யூதப் படுகொலையில் இறந்தார்கள். ‘முறைப்படி வரலாமே’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தத் தந்தி என் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இன்றைக்கு வரிசை என்று சொல்லத்தக்கது கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான். ஐநா அகதிகள் ஆணையம் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கிறது, வேறு நாடுகள் அவர்களைக் குடியமர்த்துகின்றன. 2024 இறுதியில் உலகில் அகதிகள் சுமார் 4 கோடியே 27 லட்சம் பேர். அந்த வருடம் அப்படிக் குடியமர்த்தப்பட்டவர்கள் 1,88,800 பேர். இருநூறில் ஒருவர்கூட இல்லை.

பக்கத்து நாட்டில் இருக்கலாமே என்கிறீர்கள். இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு அகதிகள் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். பலர் நாட்டை விட்டே போகாமல், சொந்த நாட்டுக்குள்ளேயே வேறு ஊரில் கூரையில்லாமல் கிடக்கிறார்கள். பணக்கார நாட்டின் கடற்கரையில் கேமரா இருக்கிறது, அதனால் அங்கே வந்து இறங்குகிறவர்கள் மட்டும் நம் கண்ணில் படுகிறார்கள்.

பொய் சொல்கிறார்கள் என்பதைத் தள்ளிவிட மாட்டேன். சொல்வதுண்டு. அகதியாக இல்லாதவர்களும் அந்தப் பெயரில் வருவதுண்டு. அதைப் பிரித்துப் பார்க்கத்தானே விசாரணை. ஆனால் எல்லாப் பொய்யும் ஒரே மாதிரி இல்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு, மற்றப் படகுகளையும் அழைத்து அவர்களைக் காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தோம் என்றார்கள். சில நாட்களில் குட்டு வெளிப்பட்டது, புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து. பத்திரிகைகளில் பெரிய கோபம். அவர்கள் எந்த வழியில் வந்தோம் என்பதில் பொய் சொன்னார்கள். எதற்காக ஓடினோம் என்பது பொய்யா? 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை உலகத்துக்கே தெரியும். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

அப்புறம், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது. இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு நகரத்தில், புகலிடம் கேட்டிருந்த ஒருவருக்கு வழக்கறிஞர் அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தேன். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். வந்திறங்கிய அன்று, 30 மணி நேரம் தூங்காத நிலையில், விமான நிலையத்தில் எடுத்த முதல் பதிவில் தன்னைப் பிடித்துப் போன நாள் ஒன்று. பிறகு எழுதிக்கொடுத்த மனுவில் வேறு நாள். ஒன்றரை வருடம் கழித்து நடந்த நேர்காணலில் மூன்றாவது நாள். ‘நம்பத்தகுந்தவராக இல்லை’ என்று எழுதிக் கேஸைத் தள்ளிவிட்டார்கள். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “திகதி, திகதி எண்டு கேட்கிறாங்கள். அண்டைக்கு மகளுக்குக் காய்ச்சல். அதுதான் எனக்கு ஞாபகம்.”

கொசோவோவிலிருந்தும் போஸ்னியாவிலிருந்தும் வந்து, பிரிட்டனில் தங்க ஏற்கெனவே அனுமதி கிடைத்துவிட்ட அகதிகளை, இடைவெளி விட்டு இரண்டு தடவை பேட்டி கண்ட ஆய்வு ஒன்று 2002இல் அங்கே ஒரு மருத்துவ இதழில் வந்தது. பொய் சொல்ல அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. அவர்கள் சொன்னதிலும் இரண்டு தடவைக்கும் நடுவே முரண்கள் இருந்தன. பெரும்பாலும் நடந்த கொடுமையில் இல்லை, அதன் ஓரத்து விவரங்களில். மனக்காயம் அதிகமாக இருந்தவர்களுக்கு, இடைவெளி நீள நீள முரணும் கூடியது. மனிதருக்கு நினைவு வேலை செய்யும் விதமே அப்படி. விசாரணை அறையில் மட்டும் அது நாட்காட்டியாக மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த மனிதரிடமும் ஒரு போன் இருந்தது, கண்ணாடி ஓரத்தில் உடைந்து செலோடேப் ஒட்டியது. வழி பார்ப்பது, மனைவியோடு பேசுவது, முகவர் சொல்லும் இடத்துக்குப் போவது எல்லாம் அதில்தான். மேல்முறையீட்டுக்குத் தயாரானபோது, அந்த இளம் வழக்கறிஞர் பொறுமையாக அவரோடு உட்கார்ந்து போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். எரிந்த வீட்டின் படம், காணிப் பத்திரத்தின் படம், யாரோ ஒருவர் கல்யாணம். நடுவே மங்கலாக ஒரு மருந்துச் சீட்டு. மகளின் பெயர், வயது, பாராசிட்டமால், மேலே முத்திரையில் தேதி. எந்த மருந்து என்று கேட்டிருந்த மனைவிக்கு அனுப்புவதற்காக அன்று காலை எடுத்த படம்.

அவர் அந்தத் தேதியை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். முதல் பதிவில், தூங்காத கண்ணோடு, அவர் சொன்னதும் அதே நாள்தான். மேல்முறையீட்டில் அந்தப் படம் சேர்க்கப்பட்டது. ஏழு மாதம் கழித்து வழக்கறிஞர் கூப்பிட்டு, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றார். அந்தச் சிறுமி அப்பாவைப் பார்க்க மேலும் இரண்டு வருடம் ஆனது. விமான நிலையத்தில் அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாளாம்.

அன்புடன்.