மலை ஏரிக்குப் போகுமுன் எத்தனை இரவு தங்க வேண்டும்?

கேள்வி: யாழ்ப்பாணம், நல்லூரில் வசிக்கிறேன். வயது 58, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். ஜூலையில் அமெரிக்காவின் டென்வரிலுள்ள மகளிடம் போகும்போது, ரொக்கி மலைத் தேசியப் பூங்காவின் ட்ரீம் ஏரிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிச்செல்வதாக மருமகன் சொல்கிறார். நாள்தோறும் 5 கிலோமீற்றர் நடக்கிறேன். அது போதுமா?

பதில்: நடைக்குப் போதும், உயரத்துக்குப் போதாது. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர்தான், ஆனால் அந்த ஏரி 3,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 வீதம் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஒட்டிய மிக்சர்ப் பைக்கற்றைக் கொண்டுபோனால், அது பலூன்போல ஊதி நிற்பதை அங்கே காண்பீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது.

இதற்கு இங்கிருந்தே பழகிக்கொள்ள வழியில்லை. நமக்குக் கீரிமலை என்று பெயரில்தான் மலை உண்டு. இலங்கையின் அதியுயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். காரைநகர் கசூரினா மணலில் நடப்பது காலுக்கும் இதயத்துக்கும் நல்லது என்றாலும், மலைநோய் நல்ல உடற்கட்டுள்ள இளைஞரையும் விடுவதில்லை. அதைத் தடுப்பது படிப்படியாக உயரத்தில் கழிக்கும் இரவுகளே. ஆகவே ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள டென்வரில் இரண்டு மூன்று இரவுகளும், பூங்கா வாசலிலுள்ள எஸ்டஸ் பார்க் என்ற ஊரில் (சுமார் 2,300 மீற்றர்) ஓர் இரவும் தங்கிய பின்னரே ஏரிக்குப் புறப்படுங்கள்.

முதல் சில நாட்களில் இரத்த அழுத்தம் சற்று உயரக்கூடும். மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலைநோயைத் தடுக்கும் அசற்றசோலமைட் உங்களுக்குப் பொருந்துமா என்பதை, குறிப்பாக நீங்கள் எடுப்பது சிறுநீரை அதிகமாக்கும் வகை மாத்திரை எனில், உங்கள் வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். தலையிடியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, இருந்த இடத்திலேயே மூச்சுத்திணறலோ வந்தால் மருமகன் தூண்டிலைச் சுருட்டும்வரைகூடக் காத்திராமல் உடனே கீழே இறங்குங்கள். கோடையில் பிற்பகலில் இடிமின்னல் வழக்கமென்பதால் விடியலில் புறப்பட்டு மதியத்துக்கு முன் திரும்பிவிடுவது நல்லது.

மீன்பிடிக்கக் கொலராடோ மாநில அனுமதிப்பத்திரம் வேண்டும். பூங்காவில் பெரியவர்கள் புழு, இறால் போன்ற இரை கோர்க்கக் கூடாது. செயற்கை இரை மட்டுமே. ட்ரீம் ஏரியில் அகப்படும் பச்சைமுதுகு ட்ரவுட் பாதுகாக்கப்பட்ட இனம். கையை நனைத்துப் பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, உடனே நீரில் விட்டுவிட வேண்டும். ஆகவே குழம்புக்கான மீனை மகள் கடையிலேயே வாங்கிவைக்கட்டும்.