லொறியில் நேரப் பெட்டி: சாரதிகள் கேட்டதும் நான் சொன்னதும்

முதலில் மட்டக்களப்பு–கொழும்பு, பிறகு கனடா–அமெரிக்கா என்று லொறி ஓடிவிட்டு இப்போது களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். அங்கே லொறிகளில் ஓட்ட நேரத்தைத் தானாகப் பதியும் பெட்டி கட்டாயம். ஈ.எல்.டி. என்பார்கள். அது இங்கேயும் வந்தால் என்னாகும் என்று எங்கள் பக்கத்துச் சாரதிகளும் முதலாளிமாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நெல் லொறிச் சாரதி, அக்கரைப்பற்று: அண்ணன், அந்தப் பெட்டி என்னதான் செய்யும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே எஞ்சின் கணினியின் சொக்கெட் இருக்கும். அதில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைச் சொருகுவார்கள். டாஷ்போர்டில் இருக்கும் டெப்லட்டில் நீங்கள் உங்கள் பெயரில் உள்ளே போக வேண்டும். லொறி மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டால் திரை தானாக ‘ஓட்டம்’ என்று மாறிவிடும். ஏற்றுவது, இறக்குவது, படுப்பது, ஓய்வு இதெல்லாம் நீங்களே அமத்திக் காட்ட வேண்டியவை. ஓடின நேரத்தை ஓடவில்லை என்று மாற்ற யாராலும் முடியாது. கொம்பனி வேறு எதையாவது திருத்தினாலும் உங்கள் சம்மதம் வேண்டும், பழைய பதிவும் அழியாமல் கிடக்கும்.

மீன் லொறிச் சாரதி, வாழைச்சேனை: எத்தனை மணித்தியாலம் ஓட விடுவார்கள்? எங்கள் ஓட்டம் அதற்குள் அடங்குமா?

அமெரிக்கக் கணக்கைச் சொல்கிறேன். தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பிறகு 11 மணித்தியாலம் ஓடலாம். 8 மணித்தியாலம் ஓடியதும் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். 8 நாளில் மொத்த வேலை 70 மணித்தியாலம். இதெல்லாம் சமாளிக்கலாம். கழுத்தைப் பிடிப்பது 14. வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணித்தியாலம் முடிந்தால், அன்று 11ஐ ஓடி முடிக்காவிட்டாலும் வாகனத்தை எடுக்க முடியாது.

உங்கள் ஓட்டத்தையே எடுங்கள். பிற்பகல் 2 மணிக்குத் துறைமுகத்தில் நின்று ஐஸ் உடைத்துப் பெட்டி அடுக்கத் தொடங்குகிறீர்கள். லொறி கிளம்ப மாலை 6. வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணையில் யானைக்காக நின்று, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் பேலியகொடை போய்ச் சேர இரவு 1 மணி, 2 மணி. ஓட்டம் ஏழெட்டு மணித்தியாலம்தான், பிரச்சினையில்லை. ஆனால் 14 முடிவது விடிய 4 மணிக்கு. அப்போது நீங்கள் இன்னும் சந்தைக்குள் இறக்கிக்கொண்டு நிற்பீர்கள். காலையிலேயே வெறும் லொறியோடு திரும்புகிற பழக்கம் அங்கே முடிந்தது. பேலியகொடையில் 10 மணித்தியாலம் படுத்து எழும்பித்தான் வர வேண்டும். படுக்க இடம்? அதைத்தான் பிறகு சொல்லப் போகிறேன்.

லொறிச் சாரதி, செங்கலடி: அங்கத்தைய சாரதிமார் ஏன் அவ்வளவு எதிர்த்தார்கள்? களவாக ஓட முடியாது என்றா?

அதுவும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. கடதாசியில் எழுதின காலத்தில் உண்மைக்கு ஒன்று, காட்ட ஒன்று என்று இரண்டு நேரப் புத்தகம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நேர்மையாக எழுதினவர்களும் எதிர்த்தார்கள். சுயமாக லொறி வைத்து ஓடுகிறவர்களின் சங்கம் நீதிமன்றம் வரை போனது. 2011இல் முந்தைய விதி ஒன்றை நீதிமன்றம் தள்ளியது. கொம்பனி இதை வைத்துச் சாரதியை நெருக்காமல் இருக்க வழி செய்யவில்லை என்பது காரணம். 2015 டிசம்பரில் வந்த புதிய விதியில் அதற்குத் தனிப் பிரிவு சேர்த்தார்கள். அதையும் எதிர்த்து வழக்கு, 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்தது. 2017 டிசம்பர் 18 முதல் கட்டாயம். 2018 ஏப்ரலில் இருந்து பெட்டி இல்லாத லொறியைப் பிடித்தால் 10 மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள்.

கோபத்தின் வேர் பெட்டியில் இல்லை, சம்பளத்தில். தூர ஓட்டக்காரர்களில் அநேகம் பேருக்கு மைல் கணக்கில்தான் காசு. சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் இல்லை. களஞ்சியத்தில் காத்திருக்கும் முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம் என்பது அங்கே வழமை. போதாததற்கு, 1938ஆம் ஆண்டின் தொழிற்சட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்து லொறிச் சாரதிமாரை விலக்கி வைத்திருக்கிறார்கள். முன்பு காத்திருந்த நேரத்தைக் கடதாசியில் ‘ஓய்வு’ என்று போட்டு, இரவில் ஓடி அந்த மைலைப் பிடித்தார்கள். பிழைதான். ஆனால் பெட்டி வந்ததும் அந்த வழி அடைபட்டது, காத்திருப்புக்கு மட்டும் யாரும் காசு தர வரவில்லை.

சிகாகோப் பக்கம் ஒரு குளிர்களஞ்சியம். காலை 7 மணிக்கு நேரம் தந்திருந்தார்கள், மத்தியானம்தான் கதவு இலக்கம் சொன்னார்கள். இறக்கி முடிய 14இல் மிச்சம் கொஞ்சம்தான். வளவுக்குள் நிற்கக்கூடாது, வெளியே போ என்றான் காவலாளி. வழியில் பார்த்த தரிப்பிடம் எல்லாம் நிரம்பி வழிகிறது. திரையில் நிமிடம் குறைந்துகொண்டு வருகிறது, வயிறு கலங்குகிறது. கடைசியில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வழியின் ஓரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நேரம் முடிந்தாலும் கிட்ட உள்ள பாதுகாப்பான இடத்துக்குச் சொந்தத் தேவை என்று பதிந்து போகலாம் என 2018 மே மாதம் வழிகாட்டல் வந்தது. சில கொம்பனிகள் அதையும் அனுமதிப்பதில்லை.

லொறி முதலாளி, சம்மாந்துறை: தம்பி, என் லொறிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதுவே போதாதா?

இல்லை முதலாளி. ஜி.பி.எஸ். லொறி எங்கே என்று சொல்லும். யார் ஓடுகிறார், அவர் எப்போது படுத்தார் என்று சொல்லாது. மறுபக்கம், அமெரிக்கப் பெட்டி விதிப்படி இடத்தைப் பதிவது ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் ஏறக்குறைய ஒரு மைல் துல்லியத்தில். சொந்தத் தேவைக்கு ஓடினால் பத்து மைல். நீங்கள் ஒவ்வொரு வளைவிலும் போன் எடுத்து “ஏன் நிற்கிறாய்” என்று கேட்பது ஜி.பி.எஸ். வேலை. படுக்கையில் இருக்கும் சாரதியை எழுப்பாதபடி சத்தத்தை அடைக்கிற வசதி அந்தப் பெட்டியில் கட்டாயம். இதை வாசித்து எந்தச் சாரதிமார் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சாரதி ஒருவரின் மனைவி, கிரான்: அண்ணா, அது வந்த பிறகு விபத்து குறைந்ததா?

தங்கச்சி, நேர விதியை மீறுவது நன்றாகக் குறைந்தது. விபத்து அதே அளவுக்குக் குறைந்ததாக ஆய்வு காட்டவில்லை. சின்னக் கொம்பனிச் சாரதிகளிடம் வேகமாக ஓடும் குற்றம் கூடியது என்றுகூடக் கண்டார்கள். 14 முடிய முன் போய்ச் சேர வேண்டும் என்றால் கால் தானாக எக்சிலேற்றரை அமத்தும். அதோடு நித்திரையைப் பெட்டி அளப்பதில்லை. 10 மணித்தியாலம் ஓய்வு என்று காட்டும், அந்த மனிதன் அதில் எவ்வளவு தூங்கினான் என்பது வேறு கதை. ஆனாலும் ஒன்று சொல்வேன். “இன்னும் ஓடு” என்று கொம்பனி சொன்னபோது திரையைக் காட்டி “முடியாது” என்று சொல்ல எனக்கு அது உதவியது. இளம் பெடியன்கள் பலர் அதற்காகவே அதை விரும்பினார்கள். பழைய ஆட்கள்தான் கடைசிவரை முணுமுணுத்தார்கள்.

கிளீனர், ஓட்டமாவடி: நானா, ஏமாற்ற வழியே இல்லையா?

உனக்கு இப்பவே இந்தக் கேள்வியா தம்பி! வழி உண்டு. இல்லாத இரண்டாவது சாரதியின் பெயரில் உள்ளே போய் ஓடுவார்கள். அமெரிக்காவில் பெட்டி செய்கிறவரே ‘விதிப்படி செய்தேன்’ என்று தனக்குத் தானே சான்று கொடுக்கலாம் என்பதால் மட்டமான பெட்டிகளும் பட்டியலில் நுழைந்தன, அரசு அவ்வப்போது நீக்குகிறது. கனடா அதைப் பார்த்து வெளியார் பரிசோதித்த பெட்டிதான் செல்லும் என்றது. அங்கே 2021 ஜூனில் விதி, 2023 ஜனவரியில் இருந்து தண்டனை. சட்டப்படியே தப்பியவர்களும் உண்டு: 2000ஆம் ஆண்டுக்கு முந்திய எஞ்சின் என்றால் பெட்டி தேவையில்லை. பழைய லொறியைத் தேடிப் பிடித்து ஓடினவர்களை எனக்குத் தெரியும்.

தந்தை, திருக்கோவில்: மகன் போலந்துக்கு லொறி ஓடப் போகிறான். அங்கேயும் இதா?

அங்கே டாக்கோகிராஃப், அதுவும் ஓட்ட நேரத்தைப் பதிகிற கருவிதான். ஐரோப்பாவில் இது எப்போதோ வந்த பழைய விஷயம். சாரதியின் பெயரில் ஒரு அட்டை, அதைச் சொருகித்தான் ஓட வேண்டும். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். நாளுக்கு 9 மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்த்து 90. மற்றவரின் அட்டையைப் போட்டு ஓடு, பதிவைக் குழப்பக் காந்தம் வைத்து ஓடு என்று எவராவது சொன்னால் மகன் ஒப்பவே கூடாது. பிடிபட்டால் தண்டம் அவன் தலையிலும் விழும்.

சாரதி, கல்முனை: இங்கே கொண்டு வந்தால் நீங்கள் ஆதரிப்பீர்களா?

காத்திருப்புக்குக் காசு எழுதாமல் வந்தால் இல்லை. யுத்த காலத்தில் வெலிக்கந்தைப் பக்கம் சோதனைச் சாவடியில் முழு லோட்டையும் இறக்கி ஏற்றி நின்றோமே, அந்த நேரத்துக்கு யார் காசு தந்தது? இன்று நெல் ஆலை வாசலில் நிற்கிற நேரத்துக்கு யார் தருகிறார்? ஹயருக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கும் வரை, பெட்டி நேரத்தை வெட்டினால் அது சாரதியின் சாப்பாட்டை வெட்டுகிற வேலைதான். ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் பயமில்லாமல் லொறியை நிறுத்திப் படுக்க ஒரு வளவு, கழிப்பறை, தண்ணீர். அதுவும் முதலில் வேண்டும். பெட்டிக்காகக் காத்திராமல் இப்போதே ஒன்று செய்யலாம்: நீங்கள் வந்த நேரத்தையும் உங்களைப் போக விட்ட நேரத்தையும் ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் பில்லிலேயே எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஒப்பம் தர மாட்டேன் என்றால் அதையும் அதே பில்லில் எழுதி, போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள்.