மூண்டு வருசம் காணாது

கேள்வி: எங்கட தெருப் பொடியள் நாலு பேர் ரொக் பாண்ட் எண்டு தொடங்கி மூண்டு வருசம். இன்னும் ஒரு சொந்தப் பாட்டு இல்ல, கலியாண வீட்டிலயும் கோயில் திருவிழாவிலயும் ஆக்கள்ட பாட்டத்தான் வாசிக்கிறாங்கள். நேரத்த வீணாக்கிற வேலைதானே இது? – வாசகர், உவர்மலை

பதில்: இல்ல. மூண்டு வருசம் காணாது எண்டுதான் நான் சொல்லுவன். உலகமே கேட்ட இங்கிலாந்து ரொக் பாண்ட் பீட்டில்ஸ்ட ஊர் லிவர்பூல், அதுவும் எங்கட திருமலை மாதிரி துறைமுகந்தான். 1957 ஜூலை 6, அங்க ஒரு சேர்ச் விழாவுல பதினாறு வயசு ஜோன் லெனன்ட குவாரிமென் பாண்ட் (அதுதான் பிறகு பீட்டில்ஸ் ஆனது) லொறிக்குப் பின்னால ஏறி நிண்டு வாசிச்சுக்கொண்டு போச்சு, பேஸ் கிட்டாருக்குப் பதிலா தேயிலைப் பெட்டியில கம்பும் கயிறும் கட்டி, தாளத்துக்கு உடுப்புத் தோய்க்கிற பலகை. அண்டைக்குத்தான் பிறகு பீட்டில்ஸ்ல சேர்ந்து பாடின போல் மக்கார்ட்னி லெனனச் சந்திச்சது. பிறகு 1960ல இருந்து ஜேர்மனியில ஹம்பர்க் கிளப்புகள்ல இரவிரவா, மணிக்கணக்கா, பெரும்பாலும் ஆக்கள்ட பாட்டுத்தான். சொந்தப் பாட்டோட முதல் ரெக்கோர்ட் 1962 ஒக்டோபர்ல. கணக்குப் பாருங்கோ, அஞ்சு வருசம்! அடுத்த வருசம் வந்த முதல் எல்பி இசைத்தட்டுல கூட 14 பாட்டுல 6 ஆக்கள்டதான்.

ஆக்கள்ட பாட்ட வாசிக்கேக்கதான் நாலு பேரும் ஒண்டா நிக்கப் பழகுறது. டிரம்ஸ் அவசரப்பட்டா பேஸ் இழுத்துப் பிடிக்கவேணும், சனம் எழும்பிப் போகேக்க எந்தப் பாட்ட எடுத்தா திரும்பி இருக்கும் எண்டது ரூமுக்குள்ள பிரக்டிஸ் பண்ணி வராது.

வீணாக்கிறது நாங்கதான். மண்டபத்துக்கு, வீடியோவுக்கு, கேக்குக்கு எல்லாம் அட்வான்ஸ் குடுக்கிறம், பாண்ட் எண்டதும் 'தெரிஞ்ச பொடியள்தானே, சாப்பாடு குடுத்தாக் காணும்' எண்டுறம். அப்பிடிச் சொன்ன வீடுகள்ல நானும் வாய் திறக்காமச் சாப்பிட்டு வந்திருக்கிறன், அது பிழை. கடற்கரைப் பக்கம் வாசிச்சிட்டுத் துடைக்காம விட்டா உப்புக்காத்துக்கு கிட்டார் கம்பி துருப்பிடிச்சிடும், புதுசு மாத்த சாப்பாட்டுப் பார்சல் உதவாது.

ஒண்டுல உங்களோட ஒத்துப்போறன், சொந்தப் பாட்டு வரத்தான் வேணும், அதுவும் நாங்க கதைக்கிற தமிழ்ல. இலங்கைப் பாட்டுக்காரர் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசை எண்டு கொண்டுவந்தது கிட்டாரோட எங்கட பேச்சத்தானே, அதுதான் சனத்திட வாயில நிண்டது. ரொக்குக்கு ஏலாதா? கரைவலை இழுக்கேக்க ஒருத்தர் பாட மத்தவை சேர்ந்து குடுக்கிற அம்பாப் பாட்டு இருக்கு, அந்த இழுவைக்கு ஒருக்கா டிரம்ஸ் வச்சுப் பாருங்கோ தம்பிமார்.

நீங்க செய்யவேண்டியது, உங்கட வீட்டு அடுத்த விசேசத்துக்கு அவங்களக் கூப்பிடுங்கோ, காச முதல்லயே குடுங்கோ. பத்துப் பாட்டு நீங்க கேக்கிறது, பதினொராவது அவங்கட சொந்தமா இருக்கவேணும் எண்டு சொல்லிவிடுங்கோ. அந்தப் பாட்டு முடியிறவரைக்கும் கதிரைய விட்டு எழும்பாதேங்கோ.